ஒன்பது டப்பாக்களும் ஒரு தவறான சொல்லும்

ஒரே பொருளின் எடை கோளுக்குக் கோள் எப்படி மாறும் என்று கையில் தூக்கிப் பார்க்க வைக்கும் பாடக் கருவி இது. பார்த்தால் ஒன்பதும் ஒரே மாதிரி டப்பாக்கள்தான். பூமி டப்பா அரை கிலோ. அதே டப்பா மற்ற ஏழு கோள்களிலும் நிலவிலும் எவ்வளவு கனக்குமோ, அந்தக் கனத்தை மற்ற எட்டிலும் அடைத்திருக்கிறார்கள். உள்ளே பஞ்சு வைத்து இறுக்கியிருப்பதால் குலுக்கினாலும் சத்தமில்லை. எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பதால் வாங்கினேன்.

வியாழன் டப்பாவைத் தூக்கியதுமே பிள்ளைகளின் கை சட்டென்று இறங்கியது. தராசில் 1.18 கிலோ காட்டியது. நிலவு 83 கிராம்தான். ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது புதனும் செவ்வாயும். இரண்டுமே 189 கிராம். ஒரு மாணவியின் கண்ணைக் கட்டி இரண்டையும் கொடுத்தேன். மாற்றி மாற்றித் தூக்கிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒண்ணுதான் மிஸ்" என்றாள். செவ்வாயின் நிறை புதனைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆரமும் சுமார் 1.4 மடங்கு பெரிது. ஈர்ப்பு ஆரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைவதால், கூடிய நிறை அங்கேயே சரியாகிவிடுகிறது. கரும்பலகையில் எத்தனை முறை எழுதினாலும் பதியாதது இது.

சரி, குறைக்கு வருகிறேன். ஒவ்வொரு டப்பாவிலும் 'நிறை' என்று அச்சடித்திருக்கிறார்கள். அது 'எடை' என்று இருக்க வேண்டும். சின்னப் பிழை என்று விட முடியவில்லை, பிள்ளைகள் தடுமாறுவதே அந்த இடத்தில்தான். பொருள் எந்தக் கோளுக்குப் போனாலும் அதன் நிறை மாறாது, அந்தக் கோளின் ஈர்ப்புக்கு ஏற்ப எடைதான் மாறும்.

டப்பாக்களால் காட்ட முடியாததும் அதுதான். நிலவு டப்பாவின் நிறையே 83 கிராம்தான் என்பதால், பக்கவாட்டில் ஆட்டினால் லேசாக ஆடுகிறது. உண்மையில் அரை கிலோ டப்பாவை நிலவில் தூக்குவது எளிது. ஆனால் ஆட்டி நிறுத்துவதற்கு இங்கே எவ்வளவு பலம் வேண்டுமோ, அங்கேயும் அவ்வளவு வேண்டும். அதற்காகப் பூமி டப்பாவை நீளக் கயிற்றில் தொங்கவிட்டு, மெதுவாகப் பக்கவாட்டில் தள்ளச் சொன்னேன். எடையைக் கயிறு தாங்கிக்கொள்கிறது, ஆனாலும் டப்பா உடனே நகர மறுக்கிறது. அந்த மறுப்புதான் நிறை என்றேன். வரிசையில் நின்று எல்லோரும் தள்ளிப் பார்த்தார்கள்.

தாராளமாக வாங்கலாம். வகுப்புக்குக் கொண்டுபோகும் முன் 'நிறை' மேல் ஒரு தாள் ஒட்டி 'எடை' என்று எழுதிவிடுங்கள். அப்புறம், ஒரு கயிறும் எடுத்துக்கொள்ளுங்கள்.