கா மவுங் செய்க் படுகொலை: ஆம்னஸ்டி அறிக்கையை எந்த அளவுக்கு நம்பலாம்?

மியான்மரின் ராக்கைன் மாநிலத்தில் இந்துக் கிராமத்தினர் கொல்லப்பட்டதைப் பற்றி மனித உரிமை அமைப்பான ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் 2018 மே மாதம் வெளியிட்ட ஆங்கில அறிக்கை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அளவில் சிறியது; ஓர் அமர்வில் படித்து முடித்துவிடலாம். இந்தியாவில் ஒரு தரப்பு இதை ரோஹிங்கியா முஸ்லிம் அகதிகள் அனைவர் மீதும் குற்றம் சுமத்தப் பயன்படுத்தியது. மறுதரப்போ இதைப் பற்றிப் பேசவே தயங்கியது. இவ்விரு தரப்பினரும் இதை முழுமையாகப் படித்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

2017 ஆகஸ்ட் 25 அன்று அர்சா என்னும் ரோஹிங்கியா ஆயுதக் குழு வடக்கு ராக்கைனில் ஏறத்தாழ 30 காவல் நிலைகளைத் தாக்கியது. அதே நாள் காலையில் கா மவுங் செய்க் பகுதியிலுள்ள அஹ் நவுக் கா மவுங் செய்க் என்ற ஊரில், கறுப்புடை அணிந்தவர்களும் அக்கம்பக்கத்து ரோஹிங்கியா ஆட்கள் சிலரும் இந்துக்களைச் சுற்றி வளைத்து, கண்களைக் கட்டி, 53 பேரைக் கொன்றதாக அறிக்கை பதிவு செய்கிறது. அவர்களில் 23 பேர் குழந்தைகள். இஸ்லாத்துக்கு மதம் மாறச் சம்மதித்ததால் உயிர் தப்பிய எட்டுப் பெண்கள், தங்கள் குழந்தைகளுடன் வங்கதேசத்துக்குக் கொண்டு செல்லப்பட்டு, அக்டோபரில் நாடு திரும்பினார்கள். பக்கத்து ஊரான யே பவுக் க்யாரில் 46 பேர் அன்றே காணாமல் போனார்கள்.

அறிக்கையின் உண்மையான பலம், முரண்பட்ட சாட்சியங்களை மூடி மறைக்காததில்தான் இருக்கிறது. வங்கதேசத்தில் இருந்தபோது வேறு சிலர் மீது பழி சுமத்திய பெண்கள், அப்படிச் சொல்லும்படி தங்களை மிரட்டியதாகப் பின்னர் கூறினார்கள். அரசின் கட்டுப்பாட்டிலுள்ள பகுதிக்குத் திரும்பிய பிறகு அவர்கள் சொன்னதை மட்டும் அப்படியே ஏற்க முடியுமா என்ற ஐயம் எந்த வாசகருக்கும் எழும். ராக்கைனின் தலைநகரான சித்வேயிலும் எல்லைக்கு அப்பால் வங்கதேசத்திலும் எடுத்த நேர்காணல்களை ஒப்பிட்டும், உடல்களின் படங்களைத் தடயவியல் மருத்துவர்களிடம் காட்டியும் அந்த ஐயத்தை அறிக்கை பெருமளவு தீர்த்து வைக்கிறது. அர்சாவின் மறுப்பு இந்தச் சான்றுகளுக்கு முன்னால் நிற்கவில்லை என்பதே என் கணிப்பு.

யே பவுக் க்யார் பற்றிய பகுதி மெலிந்திருக்கிறது. 2017 செப்டம்பர் இறுதியில் நான்கு புதைகுழிகளிலிருந்து எடுக்கப்பட்ட 45 உடல்களும் முதல் ஊரைச் சேர்ந்தவர்களுடையவை. இரண்டாவது ஊரில் உயிர் பிழைத்த சாட்சி எவரும் இல்லாததால், அவர்களுக்கும் அதே கதி நேர்ந்திருக்கும் என்ற முடிவுக்கு ஊகத்தின் வழியாகவே வர வேண்டியிருக்கிறது. அதனால்தான் மொத்த எண்ணிக்கை '99 பேர் வரை' என்று குறிப்பிடப்படுகிறது. பத்திரிகையாளர்களைப் புதைகுழிகளுக்கு அழைத்துச் சென்று காட்டிய மியான்மர் அரசு, ஐ.நா. உண்மையறியும் குழுவை நாட்டுக்குள்ளேயே விடவில்லை. ஆகவே இந்தக் குறைக்கு ஆம்னஸ்டியை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது.

இன்று படிப்பவர்கள் இரண்டு செய்திகளைத் தாங்களே சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்த வட்டாரத்தின் தலைநகரான மவுங்டா 2024 டிசம்பரில், அரசை எதிர்த்துப் போரிடும் ராக்கைன் இன ஆயுதக் குழுவான அரக்கான் ராணுவத்தின் வசமாகிவிட்டது. அர்சாவின் தலைவர் அதாவுல்லா 2025 மார்ச்சில் வங்கதேசத்தில் கைதானார்.

இதழியல் மாணவர்களுக்கும், இந்தப் படுகொலையை மேடையில் மேற்கோள் காட்டுபவர்களுக்கும் இந்த அறிக்கையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியாக்களை விரட்டிய மியான்மர் ராணுவத்தின் வன்முறைக்காக, அதன் அப்போதைய தலைமைத் தளபதி மின் ஆங் ஹ்லைங் உட்பட 13 பேரைப் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டி ஆம்னஸ்டியே 2018 ஜூனில் வெளியிட்ட விரிவான அறிக்கையையும் இதனுடன் சேர்த்தே படிக்க வேண்டும்.