கூகுள் டிஸ்கவர்: கேட்காமலே வந்து நிற்கும் செய்தி

ஆண்ட்ராய்டு போனின் முதல் திரையை வலப்பக்கம் தள்ளினால் படமும் தலைப்புமாக ஒரு செய்திப் பட்டியல் வருமே, அதுதான் கூகுள் டிஸ்கவர். பெயரே தெரியாமல் தினமும் பார்க்கிறவர்கள் ஏராளம். "போன்ல நியூஸ் வந்துச்சு" என்று வீட்டில் யாராவது சொன்னால், பல நேரம் அது இங்கிருந்து வந்ததாகத்தான் இருக்கும். 2012-இல் கூகுள் நவ் என்று தொடங்கிய சமாச்சாரம், 2018 செப்டம்பரில் இந்தப் பெயருக்கு மாறியது. அப்போதே மாதம் 80 கோடிப் பேருக்கு மேல் பார்ப்பதாக கூகுள் சொன்னது. குரோமில் புது டேப் திறந்தாலும் இதே பட்டியல்தான். கட்டணம் கிடையாது, நடுநடுவே செய்தி அட்டை மாதிரியே விளம்பர அட்டைகள் வரும், ஓரத்தில் இருக்கும் சின்னக் குறிப்பைப் பார்த்தால்தான் தெரியும்.

செஸ், பைக், மாடித்தோட்டம் என்று ஏதாவது ஒன்றில் ஈடுபாடு உள்ளவர்களுக்கு டிஸ்கவர் அருமையான சேவை. தேடினாலும் கிடைக்காத சின்னச் சின்னத் தளங்களின் நல்ல கட்டுரைகளைக் கொண்டுவந்து தரும். ஊர்ச் செய்திக்கு இதை நம்புவதில்தான் வில்லங்கம்.

தங்கம் விலையை எடுத்துக்கொள்ளுங்கள். 'தலைகீழாக மாறிய தங்கம் விலை.. சவரன் எவ்வளவு தெரியுமா?' என்ற வகைத் தலைப்பைப் பார்க்காதவர் இருக்க முடியாது. பெரும்பாலான அட்டைகளில் செய்திச் சுருக்கம் இருக்காது. படம், தலைப்பு, தளத்தின் பெயர், எவ்வளவு நேரத்துக்கு முந்தையது என்ற குறிப்பு, அவ்வளவுதான். ஆகவே போட்டி முழுக்கத் தலைப்பில் நடக்கிறது. விலையைத் தலைப்பிலேயே சொல்லிவிட்டால் யாரும் தட்டமாட்டார்கள், தட்டாவிட்டால் தளத்துக்கு விளம்பர வருமானம் இல்லை. முக்கிய விவரத்தைத் தலைப்பில் மறைக்காதீர்கள் என்று கூகுளே தளங்களுக்கு எழுதி வைத்திருக்கிறது. படம் குறைந்தது 1200 பிக்சல் அகலம் இருக்கட்டும் என்றும் எழுதியிருக்கிறது. இரண்டாவது அறிவுரையை எல்லாரும் அட்சரம் பிசகாமல் கடைப்பிடிக்கிறார்கள்.

சென்னையில் தங்கம் விலை காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று மாறும் நாட்கள் உண்டு. காலை அட்டை மாலையிலும் அப்படியே நிற்கும். நகைக்கடைக்குக் கிளம்புகிறவர் தலைப்பைப் பார்க்கும் முன் அந்த நேரக் குறிப்பைப் பார்ப்பது நல்லது.

மழைக்காலத்து விடுமுறைச் செய்தி இன்னும் மோசம். 'நாளை பள்ளிகளுக்கு விடுமுறை.. வெளியான அறிவிப்பு' என்று வரும். எந்த மாவட்டம் என்பது நாலாவது பத்தியில் இருக்கும். யாரோ ஒருவர் அதை அப்படியே குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடுவார். வாட்ஸ்அப்பில் லிங்க்கோடு தெரியும் படமும் தலைப்பும் அனுப்புகிறவரின் போனில் உருவாகி, செய்தியோடு சேர்ந்து போகிறவை. பிறகு அந்தத் தளம் தலைப்பைத் திருத்தினாலும் குரூப்பில் பழைய தலைப்புதான் இருக்கும். போதாக்குறைக்கு, கூகுள் ஆப்பிலிருந்து பகிரும்போது பல போன்களில் தளத்தின் சொந்த முகவரி போகாமல் 'சர்ச் டாட் ஆப்' என்று தொடங்கும் குறுமுகவரி போகிறது. எந்தத் தளம் என்பது முகவரியைப் பார்த்துத் தெரியாது. பகிர்ந்தே ஆக வேண்டும் என்றால் செய்தியைத் திறந்து, மேலே உள்ள மூன்று புள்ளியைத் தட்டி, குரோமில் திறந்து, அங்கிருந்து முகவரியை காப்பி செய்து அனுப்புங்கள். மாவட்டத்தின் பெயரையும் தேதியையும் கூடவே டைப் செய்துவிட்டால் குரூப்பில் பத்து பேர் கேள்வி கேட்பது மிச்சம்.

இந்தப் பட்டியலை எந்த ஆசிரியரும் உட்கார்ந்து தேர்ந்தெடுப்பதில்லை. நீங்கள் தேடியது, தட்டியது, இருக்கும் இடம் எல்லாவற்றையும் வைத்து கணினி அடுக்குகிறது. ராசிபலன் அட்டையைச் சும்மா ஒருமுறை தட்டினாலும் போதும், 'இந்த 5 ராசிக்காரர்களுக்கு ஜாக்பாட்' வரிசைகட்டி நிற்கும். திட்டிக்கொண்டே தட்டினாலும் அதற்கு அது விருப்பம்தான். ஒரே போனை நாலு பேர் பயன்படுத்தும் வீடுகளில் இதில் இன்னொரு சங்கடம் இருக்கிறது: ஒருவர் ரகசியமாகத் தேடிய நோயின் பெயர் மறுநாள் எல்லார் கண்ணிலும் படும்படி கட்டுரையாக வந்து நிற்கும். அப்படிப்பட்ட தேடல்களை இன்காக்னிட்டோவில், அதாவது குரோமின் ரகசிய டேப்பில், செய்தால் கூகுள் கணக்கின் வரலாற்றில் சேராது.

பட்டியலைச் சீர்படுத்த முடியும், பொறுமை வேண்டும். அட்டையில் உள்ள மூன்று புள்ளியைத் தட்டினால் 'இந்த விஷயத்தில் ஆர்வமில்லை', 'இந்தத் தளத்தைக் காட்டாதே' என்ற பொருளில் இரண்டு தேர்வுகள் வரும். இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். தங்கம் வேண்டாம் என்று சொன்னால் ஒழுங்காக விலை போடும் தளமும் சேர்ந்து காணாமல் போகலாம். தளத்தை நிறுத்தினால் குப்பை மட்டும் போகும். என்ன, ஒரே நிறுவனம் நாலு பெயரில் தளம் நடத்தினால் நாலையும் தனித்தனியாக நிறுத்த வேண்டியிருக்கும். பிடித்த அட்டையில் இதயக் குறியைத் தட்டுவதும் பலன் தரும். ஏற்கெனவே கெட்டுப்போன பட்டியல் என்றால், கூகுள் கணக்கின் 'மை ஆக்டிவிட்டி' பக்கத்தில் வேண்டாத தேடல்களை அழித்துவிடலாம். அங்கேயே 3, 18 அல்லது 36 மாதத்துக்கு முந்தையவை தானாக அழியும்படியும் வைக்கலாம். வரலாற்றைச் சேமிப்பதையே நிறுத்துவது இதற்கு வைத்தியமாகாது. அப்போது உங்களைப் பற்றி ஒன்றும் தெரியாத பட்டியல், எல்லாருக்கும் பொதுவான சினிமாவையும் கிரிக்கெட்டையும் கொண்டுவந்து கொட்டும்.

செய்தியைப் படித்துவிட்டு பின்னால் போகும் பட்டனை அழுத்தினால் பட்டியலுக்குத் திரும்பாமல் அதே தளத்தின் வேறு தலைப்புகளைக் காட்டும் தளங்களும் இருக்கின்றன. இவற்றைத் தயங்காமல் நிறுத்துங்கள். திறந்தவுடன் 'நோட்டிபிகேஷன் அனுப்பலாமா' என்று கேட்பவற்றுக்கு அவசரத்தில் சம்மதம் கொடுத்திருந்தால், குரோம் செட்டிங்ஸில் சைட் செட்டிங்ஸ், அதற்குள் நோட்டிபிகேஷன்ஸ் போய் ஒவ்வொன்றாக எடுக்கலாம். நாள் முழுக்க போன் கிணுகிணுக்க இதுவும் ஒரு காரணம்.

மின்தடை, குடிநீர், விடுமுறை போன்றவற்றுக்கு டிஸ்கவரைப் பார்க்காமல் மின்வாரியத்தின் தளத்தையும் மாவட்ட ஆட்சியரின் எக்ஸ் பக்கத்தையும் பார்ப்பதே சரி. கூகுள் தேடலில் பிடித்த நாளிதழ்களைத் தேர்ந்தெடுத்து வைத்துக்கொள்ளும் வசதி 2025 ஆகஸ்டில் இந்தியாவுக்கும் வந்திருக்கிறது. முக்கியச் செய்திகள் பகுதியின் தலைப்புக்குப் பக்கத்தில் உள்ள சின்னக் குறியைத் தட்டி நாளிதழின் பெயரைச் சேர்க்கலாம். டிஸ்கவரே வேண்டாம் என்பவர்கள் முதல் திரையின் காலி இடத்தை அழுத்திப் பிடித்து ஹோம் செட்டிங்ஸில் அணைக்கலாம். ஆனால் அங்கே அணைத்தால் குரோமில் அணையாது. புது டேப்பில் பட்டியலுக்கு மேலே உள்ள குறியைத் தட்டி அதைத் தனியாக அணைக்க வேண்டும்.