பாட்டிலுக்கு வராத ஒயினுக்கு முன்கூட்டியே பணம் கட்டலாமா?

பிரான்சின் போர்டோ ஒயினை, அது இன்னும் ஓக் பீப்பாயில் கிடக்கும்போதே முழுப் பணமும் கட்டி வாங்கும் முறைக்கு ஆன் ப்ரிமர் என்று பெயர். நான் பிரிட்டனில் ஒரு வியாபாரி மூலம் சில வருடங்களாக இப்படி வாங்கி வருகிறேன். லாபத்துக்கு விற்கலாம் என்ற எண்ணம் இருந்தால் இந்தப் பக்கம் வராதீர்கள். குடிப்பதற்கு என்றால், அதுவும் மேக்னம் என்கிற இரண்டு பாட்டில் கொள்ளும் பெரிய பாட்டிலில் வேண்டும் என்றால், தாராளமாக வாங்கலாம்.

இலையுதிர் காலத்தில் அறுவடை செய்த ஒயினை அடுத்த வசந்தத்தில் விமர்சகர்களும் வியாபாரிகளும் போய்ச் சுவைத்து மதிப்பெண் போடுகிறார்கள், அதை வைத்துத்தான் நாம் பணம் கட்டுகிறோம். ஆனால் அவர்கள் சுவைத்தது ஆறு மாத ஒயின், இறுதிக் கலவையே மாறலாம், பாட்டிலுக்குப் போக இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். தொட்டில் பிள்ளையைப் பார்த்து இது கலெக்டர் ஆகும் என்று சொல்கிற கதைதான். விற்பனையும் ஷாட்டோவிலிருந்து, அதாவது ஒயின் தயாரிக்கும் தோட்டத்திலிருந்து, நேராக நம்மிடம் வராது. தரகர், நெகோசியாங் என்கிற மொத்த வியாபாரி, அப்புறம் நம் வியாபாரி என்று கை மாறித்தான் வரும், ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் ஒட்டும்.

விலை விஷயத்துக்கு வருவோம். 1982-இல் அறுவடையான ஒயினை முன்கூட்டியே வாங்கியவர்கள் நன்றாகச் சம்பாதித்தார்கள், விற்பவர்கள் இன்றும் அந்தக் கதையைத்தான் சொல்கிறார்கள். 2010 ஒயினை உச்ச விலையில் வாங்கிய பலர், பல வருடம் கழித்தும் அதே பெட்டி சந்தையில் மலிவாகக் கிடைப்பதைப் பார்த்து நொந்துபோனார்கள். கொரோனா காலத்தில் விலையைக் குறைத்து விற்ற 2019 அறுவடை மாதிரி வருடங்கள்தான் விதிவிலக்கு. ஷாட்டோ லாதூர் 2012-இலேயே இந்த முறை வேண்டாம் என்று விலகி, ஒயின் பக்குவமான பிறகுதான் விற்கிறது. இதில் விற்பவரே காத்திருக்கிறார், நம் பணம் முடங்குவதில்லை, எனக்கு இதுதான் நியாயமாகப் படுகிறது.

என் வியாபாரியிடம் எனக்கு இரண்டு குறை. மின்னஞ்சலில் போடும் விலை வரி சேராத விலை; பாண்ட் கிடங்கிலிருந்து (வரி கட்டாமல் சரக்கை வைத்திருக்கும் கிடங்கு) பெட்டியை வீட்டுக்கு எடுக்கும்போது கலால் வரி, அதற்கு மேல் 20 சதவீதம் வாட், வருடாவருடம் கிடங்கு வாடகை வேறு, இதெல்லாம் பொடி எழுத்தில் கடைசியில் இருக்கும். இன்னொன்று, எல்லோரும் கேட்கும் ஒயினில் ஒரு பெட்டி வேண்டுமென்றால் யாரும் கேட்காததில் இரண்டு எடுங்கள் என்கிற சாடை. அது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

சரி, பிறகு ஏன் வாங்குகிறேன்? பாட்டிலில் அடைப்பதற்கு முன்பே சொல்வதால் மேக்னமோ அரை பாட்டிலோ நம் விருப்பப்படி கேட்கலாம், கடைக்கு வந்த பிறகு அது குதிரைக் கொம்பு. போர்டோவின் ஒரு பகுதியான பொமரோலின் சின்னச் சின்ன ஷாட்டோக்கள் கொஞ்சமாகத்தான் தயாரிப்பதால் பின்னால் தேடினாலும் கிடைக்காது. ஒயின் நேராகக் கிடங்குக்கு வருவதால் யார் வீட்டு அலமாரியில் வெந்து கிடந்ததோ என்ற சந்தேகமும் இல்லை.

ஒன்று மட்டும் கவனமாக இருங்கள். பெட்டி கிடங்குக்கு வந்து உங்கள் பெயரில் பதிவாகும் வரை உங்கள் கையில் இருப்பது ரசீது மட்டுமே, நடுவில் வியாபாரி திவாலானால் கடன்காரர்கள் வரிசையின் கடைசியில் நிற்க வேண்டியதுதான். அதனால் நெகோசியாங்குக்குப் பணம் போய்ச் சேர்ந்ததா என்று எழுத்தில் கேளுங்கள், மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள்.