மாந்தோப்புப் புல்லுக்கு எது சரி: ஏறி ஓட்டும் புல்வெட்டியா, பழைய மினி டிராக்டரா?

காவேரிப்பட்டணம் பக்கம் எங்களுக்கு ஐந்து ஏக்கர் பெங்களூரா ரக மாந்தோப்பு. காய் இறங்கி ஐப்பசி மழையும் பெய்துவிட்டால் பார்த்தீனியம் இடுப்பு உயரத்துக்கு நிற்கும், ஆள் விட்டு அறுத்தால் கூலி கட்டுப்படியாகாது. மண்ணைக் கிளறிவிடும் ரொட்டவேட்டர் ஓட்டினால் தோப்பு பளிச்சென்று இருக்கும்தான், ஆனால் மாமரம் சத்து எடுக்கிற மெல்லிய வேர்கள் மேல்மண்ணில்தான் அதிகம் ஓடுகின்றன, வருஷா வருஷம் அவற்றை அறுப்பதில் எனக்கு உடன்பாடே இல்லை. வெட்டிய புல் அங்கேயே மண்ணை மூடி மூடாக்காகக் கிடக்கட்டும் என்று முடிவு செய்துதான் வண்டி தேடினோம்.

முதலில் பார்த்தது ஓசூரில் விலைக்கு வந்திருந்த ஏறி ஓட்டும் புல்வெட்டி, ஏதோ ரிசார்ட்டில் ஓடியது. 42 அங்குல வெட்டு, பெட்ரோல் இன்ஜின், கிளட்ச் மிதிக்காமல் பெடலிலேயே முன்னும் பின்னும் போகிற ஹைட்ரோஸ்டாட்டிக். ஓட்ட அவ்வளவு சுகம்! ஆனால் இந்த வண்டியை வாங்குகிறவர்கள் சீட்டில் உட்காரும் முன் அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். கத்தி அதைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலில் நேராக முறுக்கியிருக்கும், கல்லில் பட்டால் அடி முழுக்க ஸ்பிண்டிலுக்கும் பேரிங்குக்கும்தான் போகும். நம்ம செம்மண்ணில் கல் இல்லாத இடம் எங்கே இருக்கிறது? தண்டு முற்றிய களையில் விட்டால் பெல்ட்டும் திணறும். இது அடிக்கடி வெட்டிக் குட்டையாக வைத்திருக்கும் புல்தரைக்கான வண்டி, பள்ளி மைதானத்துக்கோ ரிசார்ட்டுக்கோ என்றால் தாராளமாக வாங்கலாம், அந்தச் சீரான வெட்டு டிராக்டரில் வரவே வராது. தோப்புக்கு வேண்டாம்.

தோப்புக்கு மினி டிராக்டரும், அதன் பின்னால் மாட்டிப் புல் வெட்டும் ஸ்லாஷரும்தான் சரி. ஸ்லாஷர் கத்தி மடங்கும்படி போல்ட்டில் தொங்குகிறது, கல்லில் பட்டால் பின்னால் மடங்கிவிட்டு மறுபடி விரியும். வி.எஸ்.டி. 180, மஹிந்திரா ஜீவோ 245, குபோட்டா நியோஸ்டார் எல்லாமே மர வரிசைக்குள் நுழையும் அகலம்தான். வி.எஸ்.டி. டிராக்டர் ஆலை ஓசூரிலேயே இருக்கிறது என்பதும் கணக்கில் கொள்ள வேண்டியது. எதுவானாலும் சைலன்சர் மேலே நிமிர்ந்து நிற்காத வண்டியாகப் பாருங்கள், தாழ்ந்த கிளையெல்லாம் அதில்தான் சிக்கும்.

புதுசு நன்றாகத்தான் இருக்கும், ஆனால் வருஷத்துக்குச் சில வாரம் மட்டும் ஓடப்போகிற வண்டிக்கு அவ்வளவு பணம் முடக்க எனக்கு மனசு வரவில்லை. பழையதைப் பார்க்கப் போனால் முதலில் பானெட்டில் கை வையுங்கள். தர்மபுரியில் ஒரு வியாபாரி நாங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து சூடேற்றி வைத்திருந்தார், எங்கள் மெக்கானிக் தொட்டதுமே "அண்ணா, காலையில நேரமா வர்றோம், நாங்களே ஸ்டார்ட் பண்ணிக்கிறோம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். மறுநாள் சூடேறாத இன்ஜினில் நீலப்புகை அப்படித் தள்ளியது, ஆயில் எரிகிறது என்று அர்த்தம். அப்புறம் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து காற்று எவ்வளவு தள்ளுகிறது என்று பாருங்கள், அதிகம் தள்ளினால் இன்ஜின் உள்ளே தேய்ந்திருக்கிறது. கியர்பாக்ஸ் ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. ஸ்லாஷரை மாட்டித் தூக்கி இன்ஜினை அணைத்துவிட்டு ஒரு டீ குடியுங்கள், அதற்குள் பாதி இறங்கியிருந்தால் ஹைட்ராலிக் வேலை வைக்கும். மணிக்கணக்கு மீட்டரை மட்டும் நம்பாதீர்கள், கிளட்ச் பெடல் ரப்பர் தேய்ந்து வழவழவென்று இருக்க மீட்டர் மட்டும் குறைவாகக் காட்டினால் சந்தேகப்பட வேண்டியதுதான்.

நம்ம பக்கம் கர்நாடகப் பதிவு வண்டி நிறைய வரும், விலையும் குறைவாகச் சொல்வார்கள். அங்கே உள்ள ஆர்.டி.ஓ.விடம் என்.ஓ.சி. என்கிற தடையில்லாச் சான்று வாங்காமல் இங்கே பதிவு மாறாது, ஆர்.சி.யில் கடன் பதிவு இருந்தால் அதையும் நீக்கித் தரச் சொல்லுங்கள். "பேப்பர் பின்னாடி தர்றேன்" என்பவரிடம் முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள்.

கடைசியில் நாங்கள் எடுத்தது நாலு சக்கரமும் இழுக்கும் ஃபோர் வீல் டிரைவ் உள்ள பழைய 24 குதிரைத்திறன் வண்டி, நாலடி ஸ்லாஷர் மட்டும் புதுசு. பழைய ஸ்லாஷரில் ஷாஃப்ட் ஆட்டம், ஆயில் சீல் ஒழுகல் என்று ஏதாவது இருந்துகொண்டே இருக்கும். பின்பக்கம் சங்கிலித் திரை கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள், கத்தி கல்லைத் தெறிக்கவிடும் வேகம் பயங்கரம், ஓடும்போது பக்கத்தில் யாரையும் விடாதீர்கள். ஒன்றிரண்டு ஏக்கர்தான் என்றால் வாங்கவே வேண்டாம், வேளாண்மைப் பொறியியல் துறையின் இ-வாடகைத் திட்டத்தில் டிராக்டர் வாடகைக்குக் கிடைக்கிறது, தமிழக அரசின் உழவன் செயலியிலேயே பதிவு செய்யலாம்.