கடிகாரம் அசல், உத்தரவாதம்தான் இல்லை

இணையத் தள்ளுபடிக் கடையில் வாங்கிய கைக்கடிகாரம் அசல்தான், ஓட்டத்திலும் குறையில்லை. ஆனால் பின்மூடியில் வரிசை எண்ணைச் சுரண்டியிருக்கிறார்கள். விரல் வைத்தாலே சொரசொரக்கிறது. எந்த விநியோகஸ்தரிடமிருந்து வெளியே வந்தது என்று தயாரிப்பாளருக்குத் தெரிந்துவிடக் கூடாதே! நான்காம் மாதம் சாவி கொடுக்கும் குமிழ் கழன்றது. அங்கீகாரமில்லாத கடை என்று சேவை மையம் கைவிரித்தது. அப்புறம் விற்ற கடையே, மூன்று வாரம் இழுத்தடித்து, சரிசெய்து கொடுத்தது.

இப்படி அங்கீகாரமில்லாத வழியில் நடக்கும் விற்பனையைத் தடுக்கத்தான் கடிகார நிறுவனமான ஒமேகா, கடிகாரத்தின் பின்புறம் குட்டி உலக உருண்டையைப் பொறித்து, அந்தச் சித்திரத்தின் பதிப்புரிமையை மீறியதாக அமெரிக்காவில் காஸ்ட்கோ என்ற பெருங்கடை நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டது. கெட்டிக்கார யோசனை! ஆனால் 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் காஸ்ட்கோ பக்கமே தீர்ப்பளித்தது.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். இரண்டைக் குறைத்தது அந்தச் சுரண்டலுக்காக.