ஜெர்மனில கிரெடிட் கார்டுல கேஷ் எடுத்தேன், மூணரை வட்டிக்கு

ரேட்டிங் முதல்ல சொல்லிடறேன், 5க்கு 2. அந்த ரெண்டும் ராத்திரி பத்து மணிக்கு மிஷின் முன்னாடி நின்னப்போ காசு வந்துச்சேங்கற நன்றிக்கு மட்டும்தான். பேங்க் பேர் வேணாம், நம்ம ஊர் பெரிய பேங்க் ஒண்ணுன்னு வெச்சுக்கோங்க, எல்லாரும் கிட்டத்தட்ட இதே கட்டணம்தான் போடறாங்க.

2024 செப்டம்பர் கடைசில மாஸ்டர்ஸ் படிக்க ஜெர்மனில கெம்னிட்ஸ்ங்கற ஊருக்கு வந்தேன். விசாக்காக பிளாக்டு அக்கவுண்ட்ல (காச பூட்டி வெச்சு மாசாமாசம் கொஞ்சமா விடற அக்கவுண்ட்) 11,904 யூரோ போட்டிருந்தேன், மாசம் 992 யூரோ கைக்கு வரும்னு கணக்கு. ஆனா அது வரணும்னா இங்க ஒரு லோக்கல் அக்கவுண்ட் வேணும், நான் பாத்த பேங்க்ல அதுக்கு ஆன்மெல்டுங் (இங்க குடியிருக்கற விலாசத்த ஆபீஸ்ல பதியறது) பேப்பர் கேட்டாங்க, ஆன்மெல்டுங் பண்ண வீடு வேணும், வீட்டுக்காரர் என்னடான்னா 400 யூரோ டெபாசிட் கேஷா குடுத்தாதான் சாவின்னுட்டார். டெபிட் கார்டு அக்கவுண்ட துடைச்சு எடுத்துதான் பிளாக்டு அக்கவுண்ட்லயே போட்டிருக்கோம், அதுல ஒண்ணுமில்ல. மிச்சம் இருந்தது கிரெடிட் கார்டுதான்.

(இங்க டெபாசிட்ட மூணு மாச தவணையா கட்ட வாடகைக்காரனுக்கு சட்டப்படி உரிமை இருக்குன்னு டிசம்பர்லதான் சீனியர் ஒருத்தர் சொன்னார். முன்னாடியே தெரிஞ்சிருந்தா இந்த ரிவ்யூவே கிடையாது.)

மொத தடவ கார்ட சொருகுனதும் துப்பிடுச்சு. ஊர்ல இருந்து கிளம்பறதுக்கு முன்னாடியே இன்டர்நேஷனல் ஆன் பண்ணிட்டுதான வந்தோம்னு ஒரே குழப்பம். அப்புறம் ஆப்ப தொறந்து பாத்தா கடைல தேய்க்கறதுக்கு ஒரு சுவிட்ச், ஆன்லைனுக்கு ஒண்ணு, ஏடிஎம்முக்கு தனியா ஒண்ணு. 2020 அக்டோபர்ல வந்த ஆர்பிஐ ரூல் இது, வெளிநாட்டு யூஸ் நாமளா ஆன் பண்ற வரைக்கும் ஆஃப்லதான் இருக்கும். நல்ல ரூல்தான், தப்பு சொல்லல, ஆனா ஏடிஎம் சுவிட்ச தட்டுனா ஓடிபி கேக்குது, இந்திய சிம் கரூர்ல அம்மா போன்ல இருக்கு, இங்க பத்துன்னா அங்க ராத்திரி ஒன்றரை. போன எடுத்ததும் "என்னாச்சு சாமி"ன்னு பதறிட்டாங்க பாவம். சிம்ம கையோட எடுத்துட்டு வாங்க, ரோமிங் ஆன் பண்ணி வெச்சுக்கோங்க, இது ரொம்ப முக்கியம்.

ரெண்டாவது தடவ போச்சு. நடுவுல ஒரு ஸ்கிரீன் வந்துச்சு, உங்க கார்டுக்கு ரூபாய்லயே கணக்கு போட்டு எடுத்துக்கவான்னு பவ்யமா கேக்கும். ஐயா நம்ம ரூபாயான்னு பாசத்துல ஓகே அடிச்சிடாதீங்க, அந்த மிஷின்காரன் தன் இஷ்டத்துக்கு வெச்ச ரேட் அது, வேணாம்னு அழுத்துனாலும் காசு வரும், யூரோலயே போகும். ஒரு பிரெண்டு இதுல மாட்டுனத விமானத்துலயே சொல்லிருந்தான், அதனால தப்பிச்சேன். மிஷின் கட்டணம் 5 யூரோன்னு மட்டும் காட்டுச்சு, அதுக்கு வேற வழியில்ல.

இப்போ பில்லுக்கு வரேன். கணக்கு ஈசியா இருக்க யூரோ 90 ரூபான்னு வெச்சுக்கலாம், 400 யூரோன்னா 36,000. அதுக்கு மேல ஃபாரெக்ஸ் மார்க்கப் (வெளிநாட்டு காசுல எடுத்ததுக்கு பேங்க் போடற கட்டணம்) 3.5 பெர்சன்ட் 1,260, கேஷ் எடுத்ததுக்கு 2.5 பெர்சன்ட் 900, இந்த ரெண்டுக்கும் 18 பெர்சன்ட் ஜிஎஸ்டி 389. சரி போகட்டும்னு விட்டிருப்பேன், வட்டிலதான் ஆள காலி பண்ணிட்டாங்க. கடைல தேய்ச்சா டியூ டேட் வரைக்கும் வட்டி இல்லல்ல, கேஷ் எடுத்தா அந்த சலுகையே கிடையாது, எடுத்த அன்னிக்கே மீட்டர் ஓட ஆரம்பிச்சிடும், மாசம் 3.5 பெர்சன்ட், அதாவது ஒரு நாளைக்கு 41 ரூபா சொச்சம். நான் இது தெரியாம டியூ டேட் வரைக்கும் ஜாலியா 40 நாள் இருந்துட்டேன். வட்டி 1,657, அதுக்கும் ஜிஎஸ்டி 298. மிஷின் கட்டணத்தையும் சேத்தா 4,954 ரூபா, சில்லறைய விட்டுட்டேன். 400 யூரோவுக்கு 55 யூரோ தெண்டம்.

அப்பாகிட்ட சொன்னேன். "மூணரை வட்டியா? இங்க பஜார்ல ஃபைனான்ஸ்காரனே ரெண்டு வட்டிக்கு குடுக்கறான், நீ ஏரோப்பிளேன் ஏறி போய் மூணரை வட்டிக்கு வாங்கிருக்க"ன்னார். பதில் சொல்ல ஒண்ணுமில்ல.

ஆனா ஒண்ணு, இங்க கார்டு இருக்கேன்னு கேஷ் இல்லாம இருக்கவும் முடியாது. வீட்டு பக்கத்து பேக்கரி, டோனர் (இங்கத்த கெபாப்) கடை எல்லாம் கேஷ் மட்டும்னு போர்டு மாட்டிருக்காங்க, பசில நிக்கும்போது மார்க்கப் பத்தி யாரு யோசிப்பா. அதனால வர்றவங்க முதல் மாசத்துக்கு ஒரு ஐநூறு யூரோவ கேஷாவே கொண்டு வாங்க, இல்ல ஃபாரெக்ஸ் கார்டுல (முன்னாடியே காசு ஏத்திக்கற கார்டு) யூரோவா ஏத்திட்டு வாங்க, அதுலயும் எடுக்க கட்டணம் உண்டு ஆனா வட்டி ஓடாது. டெபிட் கார்டும் அப்படித்தான், மார்க்கப் போட்டாலும் உங்க காசுதான அது. வேற வழியே இல்லாம கிரெடிட் கார்டுலதான் எடுக்கணும்னா சின்ன சின்னதா எடுக்காதீங்க, எவ்வளவு கொஞ்சமா எடுத்தாலும் மினிமம் கட்டணம்னு ஒண்ணு வெச்சிருக்காங்க, என் கார்டுல 500 ரூபா. எடுத்தது ஆப்ல ஏறுன உடனே நெட்பேங்கிங்ல கட்டிடுங்க, ஸ்டேட்மென்ட் வரட்டும்னு உக்காராதீங்க. நான் நாலு நாள்ல கட்டிருந்தா வட்டி 170 ரூபாகூட வந்திருக்காது.

இன்னொரு கூத்து. ஸ்டேட்மென்ட்ல போட்டிருந்த தொகைய பைசா விடாம டியூ டேட்ல கட்டிட்டேன், முடிஞ்சுதுடா சாமின்னு இருந்தா அடுத்த மாசம் 880 ரூபா வந்து நிக்குது. கஸ்டமர் கேருக்கு அடிச்சு சண்ட போட்டா அந்த பொண்ணு பொறுமையா சொல்லுது, ஸ்டேட்மென்ட் போட்ட நாள்ல இருந்து நீங்க கட்டுன நாள் வரைக்கும் 18 நாள் வட்டி சார், அதோட ஜிஎஸ்டின்னு. கணக்கு போட்டு பாத்தேன், சரியாத்தான் இருந்துச்சு, மேல சொன்ன 40 நாள் வட்டில இந்த 18 நாளும் அடக்கம்.