புகை டெஸ்ட்டில் தோற்ற பழைய பிக்அப்: பம்ப் வேலையா, இன்ஜின் வேலையா, வண்டியையே மாற்றுவதா?

என்னுடையது 2012 மாடல் டீசல் பிக்அப். பி.எஸ். 3 (அரசின் புகை விதியில் பழைய படி, அடுத்தது பி.எஸ். 4), டீசலை இன்ஜினுக்குத் தள்ளுவது கம்ப்யூட்டர் இல்லாத மெக்கானிக்கல் பம்ப். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தக்காளியும் முருங்கையும் ஏற்றியே இரண்டே முக்கால் லட்சம் கிலோமீட்டர் ஓடிவிட்டது. இரண்டு வருடத்துக்கு முன் எஃப்.சி.க்கு, அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்ற சர்டிபிகேட்டுக்கு, தயார் செய்யும்போது புகை டெஸ்ட்டில் மாட்டிக்கொண்டது. பி.எஸ். 4க்கு முந்தைய டீசல் வண்டிக்கு 65 எச்.எஸ்.யு. (புகையின் கறுப்பை அளக்கும் அளவு) வரை விடுவார்கள், எனக்கு 81 காட்டியது. புகை சர்டிபிகேட் இல்லாமல் எஃப்.சி. ஆகாது, எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு எஃப்.சி. வருடா வருடம், வழியில் பிடித்தால் அபராதம் 10,000 ரூபாய் வரை. ஆகவே தள்ளிப்போட வழியில்லை.

சில்லறை வேலைகளை முதலில் முடித்தேன். ஏர் ஃபில்டர் மாற்றினேன், டர்போ ஹோஸில் இருந்த வெடிப்பைச் சரிசெய்தேன், இருபது கிலோமீட்டர் ஓட்டி இன்ஜினை நன்றாகச் சூடாக்கிக்கொண்டு போனேன். 74. டீசலில் ஊற்றும் பாட்டில் மருந்து ஒன்றையும் ஊற்றிப் பார்த்தேன், ஒரு புள்ளி குறையவில்லை. வண்டி வராமலே சர்டிபிகேட் எடுத்துத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னார். கறுப்பாகப் போவது நான் பங்கில் காசு கொடுத்து ஊற்றிய டீசல்தானே, பேப்பர் வாங்கிவிட்டால் அது நிற்குமா?

மிச்சம் இருந்தது மூன்று வழி. பம்பும் நாசிலும் (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் முனை) சர்வீஸ் செய்வது, இன்ஜினை இறக்கி முழு வேலை பார்ப்பது, இதை விற்றுவிட்டு பழைய பி.எஸ். 4 வண்டி ஒன்று வாங்குவது. நான் செய்தது முதலாவது. அதனால் அதன் பக்கம்தான் சாய்ந்து எழுதுகிறேன், தெரிந்தே படியுங்கள்.

எதற்கும் முன்னால் ஒன்று செய்யுங்கள். இன்ஜின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றிப் பாருங்கள். குபுகுபுவென்று புகை தள்ளினால் பேக் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டர் அழுத்தம் கீழே கசிகிறது, பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்ஸ் போய்விட்டது என்று அர்த்தம். புகை நீலமாக வந்து ஆயிலும் அடிக்கடி குறைந்தால் சந்தேகமே வேண்டாம். அந்த வண்டிக்கு பம்ப் வேலை பார்ப்பது வீண் செலவு, நேராக இன்ஜின் வேலைதான். எனக்கு லேசாக மூச்சு விட்டது, அவ்வளவுதான். கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்த்ததிலும் நாலு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருந்தன.

அப்படியும் ஒரு மெக்கானிக் இன்ஜினை இறக்கிவிடலாம் என்றார். போர், பிஸ்டன், ரிங்ஸ், பேரிங், ஹெட் வேலை எல்லாம் சேர்த்து 80,000 ரூபாய். இரண்டு வாரம் வண்டி நிற்கும், தக்காளி சீசனில் அது தனி நஷ்டம். அவர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. புது பிஸ்டன் போட்டுவிட்டுப் பழைய நாசிலையே மாட்டினால் அது சொட்டும் டீசல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிவிடும், கீழே இறங்கி இன்ஜின் ஆயிலையும் நீர்க்க வைக்கும், புது ரிங்ஸும் சீக்கிரம் தேயும். அப்படியானால் இன்ஜின் வேலை பார்த்தாலும் நாசில் வேலையில் இருந்து தப்ப முடியாது. அதையே முதலில் பார்த்துவிட்டால் என்ன?

திண்டுக்கல்லில் ஒரு டீசல் பம்ப் சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனேன். பம்ப் செய்யும் மைக்கோ கம்பெனி பாஷ் என்று பெயர் மாறி எத்தனையோ வருடம் ஆகியும் எந்த பம்பைப் பார்த்தாலும் மைக்கோ பம்ப் என்றே சொல்லும் தலைமுறை அது. நாசில்களைக் கழற்றிக் கையால் அழுத்தும் டெஸ்டரில் மாட்டிக் காட்டினார்கள். நல்ல நாசில் 200 பார் சுமாருக்குத் திறந்து டீசலைப் பனிமூட்டம் மாதிரி பீய்ச்ச வேண்டும். என் நாலில் இரண்டு, வாஷர் தேய்ந்த குழாய் மாதிரி ஒழுகின. ஒழுகும் டீசல் துளி பெரிது, காற்றோடு கலப்பதற்குள் நேரம் முடிந்துவிடும், பாதி எரிந்து கரியாக வெளியே வரும். அதுதான் அந்தக் கறுப்பு.

பம்பை டெஸ்ட் பெஞ்சில் ஏற்றியபோது இன்னொரு விஷயம் தெரிந்தது. டீசல் அளவு ஸ்க்ரூவின் சீல் உடைந்திருந்தது. எனக்கு முன்னால் வைத்திருந்தவரோ அவருடைய டிரைவரோ மேட்டில் இழுவை வேண்டும் என்று டீசலை ஏற்றி வைத்திருக்கிறார். வருகிற காற்றுக்கு மீறி டீசல் போனால் புகையாமல் என்ன செய்யும். கேலிபரேஷன் செய்து அளவைக் குறைத்து, சீல் போட்டு, பம்ப் டைமிங்கும் வால்வ் கிளியரன்ஸும் பார்த்துக் கொடுத்தார்கள். நாலு நாசில், பம்ப் கிட், கூலி எல்லாம் சேர்த்து 21,400 ரூபாய், இரண்டு நாள். மறுபடி டெஸ்ட்டுக்குப் போனபோது 43. லிட்டருக்கு பத்தரை கொடுத்தது பன்னிரண்டு கொடுக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. முழு லோடோடு கொடைக்கானல் மலை ஏறும்போது முன்பு மூன்றாவது கியரில் போன இடத்தில் இப்போது இரண்டுக்கு இறக்க வேண்டியிருக்கிறது. முதல் மாதம் திட்டிக்கொண்டேதான் ஓட்டினேன்.

சரி, வண்டியை மாற்றும் வழி. என் மச்சான் அதைத்தான் செய்தார், 2018 மாடல் பி.எஸ். 4 காமன் ரெயில், அதாவது கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் அதிக அழுத்தத்தில் டீசல் பீய்ச்சும் வகை. புகை விஷயத்தில் என் வண்டி அதன் பக்கத்தில் நிற்க முடியாது. அந்த வகைக்கு வரம்பு 50 எச்.எஸ்.யு., அதிலும் பாதிக்குக் கீழேதான் காட்டுகிறது. சர்டிபிகேட்டும் அவருக்கு ஒரு வருடம் செல்லும், எனக்கு ஆறு மாதம்தான். இழுவையும் நன்றாக இருக்கிறது.

என்னைத் தடுத்தது பராமரிப்பு. காமன் ரெயிலில் அழுத்தம் 1,000 பாருக்கும் மேலே, இன்ஜெக்டர் ஓட்டைகள் மயிரிழை. துளி தண்ணீரோ தூசியோ போனால் போதும். தோட்டத்தில் கேனில் வாங்கி வைத்த டீசலை ஒரு நாள் அவசரத்துக்கு ஊற்றினார் மச்சான். பழனி ரோட்டில் வண்டி நின்றுவிட்டது. எங்கள் ஊர் மெக்கானிக் வந்து பார்த்தார், ஸ்கேனர் இல்லாமல் அவரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. கட்டி இழுத்துக்கொண்டு திண்டுக்கல் போய், இரண்டு இன்ஜெக்டர் மாற்றி 31,000 ரூபாய். ஏற்றியிருந்த தக்காளி வேறு வண்டிக்கு மாறி மார்க்கெட் போய்ச் சேர்ந்தபோது ஏலம் முடிந்திருந்தது. அதே தப்பை நானும் செய்திருக்கிறேன். ஃபில்டரில் தண்ணீரை இறக்கிவிட்டு, கைப்பம்பை அடித்து டீசல் லைனில் புகுந்த காற்றை வெளியேற்றி, அரை மணி நேரத்தில் கிளம்பிவிட்டேன். வருடம் முழுக்கக் கிராமத்துச் சாலையில் ஓடும் வண்டிக்கு, நின்ற இடத்திலேயே ஸ்பானர் வைத்துச் சரிசெய்ய முடிவதை நான் பெரிதாகவே நினைக்கிறேன். நாசில் தேய்ந்தால் முனையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், ஒன்று 1,200 ரூபாய்.

ஆனால் இது ஒரே ஒரு மச்சான் வண்டியின் கதை. நல்ல பங்கில் மட்டும் டீசல் ஊற்றி, ஃபில்டரை நாள் தவறாமல் மாற்றுகிறவருக்கு அந்தச் செலவு வராமலே போகலாம். நான் காமன் ரெயில் வண்டியைச் சொந்தமாக வைத்து ஓட்டியவன் இல்லை. சென்னைக்கும் பெங்களூருக்கும் தினசரி நெடுஞ்சாலையில் ஓடுகிறவராக இருந்தால் நானே மாற்றச் சொல்வேன். காசும் கணக்கில் வரும். என் வண்டியை ஒன்றரை லட்சத்துக்கு மேல் யாரும் கேட்கவில்லை, மச்சான் வண்டி நாலே முக்கால் லட்சம். நடுவில் இருக்கும் மூன்றேகால் லட்சத்துக்கு வட்டி கட்ட எனக்கு மனம் வரவில்லை.

பம்ப் வேலை பார்த்த பிறகு நாலு தடவை டெஸ்ட் எடுத்தாயிற்று. 43, 44, 47, 52. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போக வேண்டியிருக்கிறதே என்று முதலில் எரிச்சலாக இருந்தது, இப்போது அந்தச் சீட்டுகளை டேஷ்போர்டிலேயே வரிசையாக வைத்திருக்கிறேன். ஏர் ஃபில்டர் புதிதாக இருந்தும் ஒரே தடவையில் ஐந்து கூடியிருக்கிறது என்றால் ஏதோ ஒரு நாசில் மறுபடி சொட்ட ஆரம்பித்திருக்க வேண்டும். வெங்காய லோடு முடிந்ததும் நாலையும் கழற்றி திண்டுக்கல் கொண்டுபோகப் போகிறேன், அதற்கென்று 6,000 ரூபாய் தனியாக எடுத்து வைத்தாயிற்று.